ஏழாம் நம்பர் குழாய்

உக்கிரபாண்டிக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. ரேசன் கடையில் சீனி வாங்கினால் வீட்டுக்கு வந்து இன்னொரு தரம் நிறுத்துப் பார்ப்பார். ஒரு டாக்டர் எழுதிய மாத்திரைச் சீட்டை இன்னொரு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவார். அவரும் அதையே சொன்னால், ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிகள் என்பார். மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். படிப்பு ஏறவில்லை என்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். "பூமி உருண்டைன்னாரு வாத்தியாரு. நேர்ல பாத்தீகளான்னு கேட்டேன். அடிச்சாரு. வந்துட்டேன்" என்பார்.

இப்பேர்ப்பட்ட மனுசனைத்தான் ஊர் கூடி நீர்பாய்ச்சியாக வைத்திருந்தது. சோழவந்தான் பக்கத்தில் பெரியாறு கால்வாயிலிருந்து பிரிகிற சின்ன வாய்க்கால் ஒன்று. அதில் ஒரு மடை. அந்த மடையை நம்பிப் பதினெட்டு வீட்டு வயல். ஷட்டரைத் திருகித் திறக்கிற இரும்புச் சாவி முழங்கை நீளம் இருக்கும். பத்தொன்பது வருசமாக அது உக்கிரபாண்டி தோளில்தான் கிடந்தது. எவன் வயலுக்கு என்றைக்குத் தண்ணீர், எம்புட்டு நேரம் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு. எல்லாரையும் ஒரே மாதிரி சந்தேகப்படுகிறவன் எவனுக்கும் கூடுதலாக விட மாட்டான் என்று ஊர் நினைத்தது. நினைத்தது சரியாகத்தான் இருந்தது.

ஒருத்தனுக்குத்தான் அதில் மனக்குறை. சிவபாண்டி. உக்கிரபாண்டிக்குப் பங்காளி, தம்பி முறை. அவன் வயல் கடைசி வயல். "எல்லார் வயல்லயும் குளிச்சு, பல்லு வெளக்கி, கடைசியா எங்கிட்ட வாரப்ப அந்தத் தண்ணிக்கு மூச்சு வாங்குதுண்ணே" என்பான். சாவி தன் கைக்கு வர வேண்டும் என்று அவனுக்கு ரொம்ப நாள் ஆசை. அதை அவன் மறைத்ததும் இல்லை.

ஆனி மாதம் நடவு முடிந்த கையோடு ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து இறங்கினாள். பேர் எஸ்தர். பரவையில் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தர் மகள். வெளிநாட்டுக் கம்பெனிகளோடு தொடர்புள்ள ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. மடைப் பக்கத்துப் புளியமரத்தடியில் பதினெட்டு வீட்டு ஆம்பிளைகளும் கூடினார்கள். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான பிளாஸ்டிக் குழாய் ஒன்றை அவள் தூக்கிக் காட்டினாள். கீழ்ப்பாதியில் சுற்றிவரத் துளை போட்டிருந்தது.

"வயல்ல எந்நேரமும் தண்ணி நின்னா அடி மண்ணுக்குக் காத்து போகாதுங்கய்யா. காத்து போகாத சேத்துல ஒரு வாயு உண்டாகுது. அது மேல போய்ப் பூமியச் சூடாக்குது" என்றாள்.

"சேத்துல நடக்கையில காலடியில குமிழி குமிழியா வருமே, அதா?" என்றார் உக்கிரபாண்டி.

"அதேதாங்கய்யா!"

"அப்ப வயலு குசு விடுதுங்குற."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எஸ்தர் அந்த வார்த்தையைச் சபையில் கேட்டுப் பழகாதவள். முகம் சிவந்தது. ஆனாலும் சமாளித்துக்கொண்டாள். "அப்படியும் சொல்லலாங்கய்யா" என்றாள்.

"இதுக்குத்தான் நாடு நாடா கூட்டம் போடுறாகளா?"

"இதுக்கும் சேத்துத்தான். பாரிஸ்ல கிட்டத்தட்ட எல்லா நாடும் கையெழுத்துப் போட்டிருக்காங்கய்யா, சூட்டக் கொறைப்போம்னு."

"நான் எங்க போட்டேன்?"

உக்கிரபாண்டி விடவில்லை. "சரி தாயி. பிளேன்ல பறக்குறான், ஏசியப் போட்டுக்கிட்டு உள்ள குளிருதுன்னு போர்வைய மூடிக்கிட்டுப் படுக்குறான். அவன என்ன செய்யப் போறீக? என் வயலக் காயப் போட்டா அவன் ஏசிய அமத்திருவானா?"

எஸ்தர் மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. "உடனே அமத்த மாட்டான்யா. அவன் விடுற புகைக்கு ஈடா, இங்க கொறையுற வாயுவக் காட்டி நானும் கொறைச்சேன்னு சொல்லிக்குவான். நீங்க கேக்குறது நியாயந்தான். ஆனா குழாய வச்சா ஒண்ணு நிச்சயம். உங்க வாய்க்கால்ல தண்ணி மிஞ்சும். நெல்லு ஒண்ணும் கொறையாது."

தண்ணீர் மிஞ்சும் என்றதும் சிவபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். "மிஞ்சுற தண்ணி எங்கம்மா போகும்?"

"கடைசி வயல் வரைக்கும் வரும்ணே."

"வச்சிருவோம்!" என்றான் சிவபாண்டி, மற்ற பதினேழு பேரையும் கேட்காமலே.

குழாயைப் பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக வயலில் நட வேண்டும். வயல் தண்ணீர் வற்றி, மண்ணுக்குக் கீழே எதுவரைக்கும் இறங்கியிருக்கிறது என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் தெரியும். அடி வரைக்கும் இறங்கின பிறகுதான் அடுத்த தண்ணீர். பூக்கிற சமயத்தில் மட்டும் வற்ற விடக் கூடாது. காலை ஏழு மணிக்குக் குழாய்க்குள் ஒரு படம் எடுத்துச் செல்போனில் அனுப்ப வேண்டும். அம்புட்டுத்தான் வேலை. ஆனால் பதினெட்டு வயலுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. ஒருத்தன் திருட்டுத் தண்ணீர் விட்டாலும் எல்லார் பேரும் கணக்கிலிருந்து அடிபடும்.

இதைக் கேட்டதும் உக்கிரபாண்டி எழுந்து நின்றார். "அப்ப நான் ஒரு சட்டம் சொல்றேன். நோட்டுல எழுதிக்க தாயி. எவன் வீட்டுக் குழாயில தப்புக் காட்டுதோ, அவனுக்கு இந்த மடையில ஒரு வருசம் பேச்சுக் கிடையாது. நானா இருந்தா சாவியக் குடுத்துர்றேன். எம் புள்ள தெறந்து விட்டான், எருமை வந்து வரப்ப மிதிச்சிருச்சுன்னு ஒரு சாக்கும் செல்லாது."

சொல்லிவிட்டுச் சிவபாண்டியை ஒரு பார்வை பார்த்தார். தப்பு அங்கிருந்துதான் வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எஸ்தர் எழுதி, வாசித்துக் காட்டி, பதினெட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். உக்கிரபாண்டி வயல் குழாய்க்கு ஏழாம் நம்பர்.

உக்கிரபாண்டியிடம் இருந்தது பட்டன் செல். படம் எடுக்கிற வேலை மகள் பாண்டீஸ்வரிக்கு வந்தது. கோயம்புத்தூரில் துணிக்கடையில் பில் போடுகிறவள், வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். காலையில் நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தார். வயல் வரை நடப்பாள், படம் எடுப்பாள், திரும்பி வந்து நாலு இட்லி சாப்பிடுவாள். நெல்லுக்கும் கோரைப்புல்லுக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை. குழாய்க்குள் என்ன இருக்கிறதோ அதை எடுத்து அனுப்பினாள்.

ஆடி பிறந்தது. காற்று வேட்டியைக் காலோடு வைத்திருக்க விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை டீக்கடையில் உக்கிரபாண்டி டீயைப் பாதி குடித்திருந்தார். எஸ்தரின் ஸ்கூட்டி வந்து நின்றது. அவள் முகமே சரியில்லை.

"ஐயா, ஏழாம் நம்பர் குழாய் பதினோரு நாளா நெறைஞ்சே இருக்கு."

"எந்த ஏழாம் நம்பர்?"

"உங்களதுதாங்கய்யா." செல்போனை நீட்டினாள். விரலால் தள்ளத் தள்ள, படம் படமாக வந்தது. எல்லாவற்றிலும் குழாய்க்குள் தண்ணீர் பளபளவென்று விளிம்புக்கு நாலு விரல் கீழே நின்றது. "மத்த பதினேழும் வத்திருச்சு. திங்கக்கெழமை சரிபாக்க ஆள் வர்றாங்க. நைரோபியில இருந்து."

"நான் தெனமும் பத்து மணிக்குப் பாக்குறேன். குழாய்க்குள்ள ஈரம் கூட இல்ல. நேத்து ஒரு நண்டு செத்துக் கெடந்துச்சு."

"படம் இப்படிச் சொல்லுதேய்யா."

"அப்ப செல்லு பொய் சொல்லுது."

பெஞ்சின் மறுகோடியில் இருந்த சிவபாண்டி கிளாஸைக் கீழே வைத்தான். "அண்ணே. சாவி ஒங்க தோள்ல கெடக்கு. தண்ணி ஒங்க வயல்ல கெடக்கு. இதுல செல்லு எங்குட்டுப் பொய் சொல்லுச்சு?"

ஏழெட்டுப் பேர் சிரித்துவிட்டார்கள். உக்கிரபாண்டிக்கு உச்சி மயிர் நட்டுக்கொண்டது. "அடேய், நீதான்டா! சாவி வேணும்னு இருட்டோட இருட்டா வரப்ப வெட்டி என் வயல்ல தண்ணியத் திருப்பி விட்டுட்டு, விடிஞ்சதும் அடைச்சுட்டுப் போற. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"என் வயலுக்கே தண்ணி பத்தலண்ணே. ஒங்க வயலுக்கு ஊத்த எனக்கென்ன கிறுக்கா?"

அதற்கும் சிரித்தார்கள். சிவபாண்டி மட்டும் சிரிக்கவில்லை. வரப்பு வெட்டினான் என்பது அந்தப் பக்கத்தில் லேசுப்பட்ட சொல் இல்லை. டீயை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனான்.

சனிக்கிழமை விடியக்காலை அஞ்சு மணிக்கே உக்கிரபாண்டி மடையில் போய் உட்கார்ந்துகொண்டார். சாவி மடியில். ஒரு ஈ காக்கா வரவில்லை. ஆனாலும் ஏழு மணிப் படத்தில் குழாய் நிறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்தார். அன்றைக்கும் நிறைந்திருந்தது. ஷட்டர் திறக்கவில்லை, வரப்பில் ஒரு வெட்டு இல்லை, மழையும் இல்லை. கட்டை விரலை நகத்தோடு கடித்துக்கொண்டு அவர் யோசித்தார். சிவபாண்டி குடத்தில் கொண்டுவந்து ஊற்றுகிறானோ? ஊற்றுவான். சாவிக்காக எதுவும் செய்வான். பதிமூணு நாள் குடம் சுமந்தவன் பதினாலாம் நாளும் சுமப்பான்.

திங்கட்கிழமை வீட்டிலிருந்து கிளம்பும்போது, "மடைக்குப் போறேன்" என்று மனைவி முத்துமீனாவிடம் சத்தமாகச் சொன்னார். தெரு முக்கு திரும்பியதும் மடைக்குப் போகாமல் குறுக்கே இறங்கி, தன் வயலை ஒட்டிய பம்புசெட் அறைக்குப் பின்னால் குத்த வைத்தார். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. ஆடிக் காற்றில் பயிர் அலை அலையாகச் சாய்ந்து எழுந்தது. அவருக்கு முழங்கால் வலித்தது. வலித்தாலும் சந்தோசமாக இருந்தது. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்து, அந்த நைரோபிக்காரர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி...

வரப்பில் ஒரு ஆள் வந்தது.

குனிந்து, சுற்றுமுற்றும் பார்த்து, வயலுக்குத் தண்ணீர் விடுகிற வாமடைப் பக்கமாக இறங்கியது. கையில் ஏதோ பளபளத்தது. உக்கிரபாண்டி எழுந்து, "அடேய் சிவபாண்டி! மாட்டுனியாடா!" என்று கத்திக்கொண்டு ஓடினார்.

ஆள் திடுக்கிட்டுத் திரும்பியது. முத்துமீனா. கையில் பித்தளைச் செம்பு. பாதித் தண்ணீர் குழாய்க்குள் போயிருந்தது; மீதி, கத்தின கத்தலில் அவள் சேலையில்.

"ஏன்யா இப்படிக் கத்துறீக? உசுரே போச்சு!"

உக்கிரபாண்டி அவளைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். "நீயா?"

"நாந்தேன்."

"பதினோரு நாளும்?"

"பதினாலு. கம்பெனிக்காரப் புள்ள பதினொண்ணுன்னா சொல்லுச்சு?"

"எதுக்குடி?"

முத்துமீனா செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டாள். தப்புச் செய்தவள் மாதிரியே இல்லை. "வயித்துப் புள்ளக்காரி வெடிஞ்சதும் மொத மொதலா வந்து எட்டிப் பாக்குறது இந்தக் குழாயத்தான். வெறும் பாத்திரம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கலாமா? தலைப்பிரசவம். எங்க அம்மா வீட்டுல கர்ப்பிணி எதுக்க வெறுங்குடத்தோட எவளும் நடக்க மாட்டா. நீங்க பாட்டுக்கு ஒரு காலிக் குழாய நட்டுவச்சுட்டு, அத அவளையே தெனமும் பாக்கவும் விட்டுட்டீக. ஒரு செம்பு தண்ணி. அதுல என்ன கொறைஞ்சு போச்சு?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலாம்ல?"

"சொன்னா? 'யாரு சொன்னா, நேர்ல பாத்தியா'ன்னு கேப்பீக."

அது உண்மைதான். குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். துளை வழியாகத் தண்ணீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்கு மகள் வரும்போது இருக்கும். பத்து மணிக்கு அவர் வரும்போது இருக்காது. செல் பொய் சொல்லவில்லை. சிவபாண்டியும் குடம் சுமக்கவில்லை.

வரப்பில் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக நடந்தார்கள். விசயம் இம்புட்டுப் பெரிசு என்று முத்துமீனாவுக்கு அப்போதுதான் பிடிபட்டது. "நான் வந்து கூட்டத்துல சொல்லிர்றேங்க" என்றாள்.

"வேணாம். பொண்டாட்டிய முன்னால தள்ளிவிட்டுப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டான்னு பேசுவாங்க."

"அப்பச் சொல்லாம விட்டுருங்க. இன்னைக்கே நான் ஊத்துறத நிப்பாட்டிர்றேன். யாருக்குத் தெரியப் போகுது?"

அது அவருக்கும் தோன்றாமல் இல்லை. பழி சிவபாண்டி மேல் கிடக்கும். பாதி ஊர் நம்பும், பாதி ஊர் நம்பாது. சாவி தோளிலேயே இருக்கும். நாலு வயல் தூரம் அதை யோசித்துக்கொண்டே வந்தார். அஞ்சாவது வயலில் நின்று காறித் துப்பினார். "எனக்குத் தெரியும்ல" என்றார்.

பத்து மணிக்குப் புளியமரத்தடியில் கூட்டம். ஒரு வெள்ளைக்காரன் வருவான் என்று எதிர்பார்த்திருந்தார்கள். ஜீப்பிலிருந்து நம்ம நிறத்தில், நம்மைவிட ஒரு முழம் உசரமாக ஒரு அம்மா இறங்கினார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். தலையில் பூப்போட்ட துணிக்கட்டு. பேர் வாஞ்சிகு என்றாள் எஸ்தர். "வஞ்சியம்மா" என்று கூட்டம் உடனே திருத்திக்கொண்டது. அந்த அம்மா இங்கிலீஷில் பேச, எஸ்தர் தமிழில் சொன்னாள்.

"ஏழாம் நம்பர் யாருன்னு கேக்குறாங்க."

உக்கிரபாண்டி முன்னால் வந்தார். சிவபாண்டி மரத்தில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனை நேராகப் பார்த்துக்கொண்டுதான் உக்கிரபாண்டி ஆரம்பித்தார். வரப்பு வெட்டினான் என்று தான் சொன்னது தப்பு என்றார். அந்த ஒரு வரியைச் சொல்வதற்குள் ரெண்டு தரம் சாவியைத் தோள் மாற்றினார். பிறகு செம்புக் கதையை, ஒளித்து மறைக்காமல், தான் "அடேய் சிவபாண்டி" என்று கத்தினது உட்பட எல்லாம் சொன்னார்.

முதலில் சிவபாண்டிதான் ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணே, மதினியப் பாத்தா சிவபாண்டியாண்ணே தெரியுது?"

"இருட்டுடா!"

"வெளிச்சத்துல பாத்தாலும் நீங்க அப்படித்தாண்ணே சொல்லுவீக!"

எஸ்தரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் சொல்லி முடித்தாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. வயலைப் பார்க்க வேண்டும் என்றார். எல்லாரும் போனார்கள். குழாய் காய்ந்து கிடந்தது. அந்த அம்மா பக்கத்து மண்ணில் கையை மணிக்கட்டு வரை விட்டுப் பார்த்தார். மேலாப்பில் மயிரிழையாக வெடிப்பு, உள்ளே ஈரம். வற்றிய வயல்தான். பிறகு முத்துமீனாவைக் கூப்பிட்டு, ஒரு செம்பு ஊற்றச் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கூட்டமும் உட்கார்ந்தது. ஒருத்தன் ஓடிப்போய் டீ வாங்கி வந்தான். தண்ணீர் நிதானமாக இறங்கி, பன்னிரண்டரைக்கு அடியில் போய் நின்றது.

அதற்குப் பிறகுதான் அந்த அம்மா சிரித்தார். எஸ்தர் சொன்னாள்: "அவங்க எத்தனையோ நாட்டுல குழாய் பாத்திருக்காங்களாம். ஒருத்தர் அதுல மீன் வளத்தாராம். ஒருத்தர் ஆடு கட்டுனாராம். குழாய்க்கு ஒருத்தர் தெனமும் தண்ணி குடுத்தத இப்பத்தான் பாக்குறாங்களாம்."

"தப்புத்தானன்னு கேளு" என்றாள் முத்துமீனா.

கேட்டுச் சொன்னாள் எஸ்தர். சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "தப்பு எங்க பக்கமாம். குழாய் நட வந்தப்ப ஆம்பிளைங்கள மட்டும் உக்கார வச்சுப் பேசிட்டுப் போயிட்டோமாம். வீட்டுல யாரையும் ஒரு வார்த்தை கேக்கலையாம். ஆனாலும் படம் படந்தான். ஏழாம் நம்பர் வயல் இந்தப் போகத்துக் கணக்குல சேத்தி இல்ல. மத்த பதினேழும் சரி. மடைக்கு ஒண்ணும் ஆகல."

எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். இனிமேல் அந்தக் குழாயை என்ன செய்வது என்று அந்த அம்மா கேட்டார். முத்துமீனா யோசிக்கவே இல்லை. பம்புசெட் ஓரம் கிடந்த கொட்டாங்குச்சி ஒன்றை எடுத்து வந்து குழாய் வாயில் கவிழ்த்தாள். "மூடிட்டா அது வெறும் பாத்திரம் இல்ல. எம் மக செல்ல வாங்கிட்டுப் போயி இவரே தெறந்து படம் எடுக்கட்டும். அவ பாக்க வேணாம்."

"தவளையும் விழாது" என்றாள் எஸ்தர். அந்த அம்மா அதைப் படம் எடுத்து, நோட்டில் எழுதியும் வைத்துக்கொண்டார்.

கூட்டம் கலையப் பார்த்தது. "எங்க போறீக? இருங்க" என்றார் உக்கிரபாண்டி. "எஸ்தரு, அந்த நோட்ட எடு. சட்டத்தப் படி."

"அது எதுக்குய்யா இப்ப..."

"படி தாயி."

அவள் படித்தாள். புள்ள, எருமை, ஒரு சாக்கும் செல்லாது என்பது வரை படித்தாள்.

"இதுல பொண்டாட்டின்னு தனியா இல்ல" என்று ஒருத்தர் ஆரம்பித்தார்.

"பொண்டாட்டியும் சாக்குத்தேன்" என்றார் உக்கிரபாண்டி.

"நான் சாக்கா?" என்றாள் முத்துமீனா.

சிரிப்பு அடங்கும் வரைக்கும் பொறுத்துத் தோளிலிருந்து சாவியை இறக்கினார். சிவபாண்டிக்குச் சாவியைப் பார்த்ததும் கண் விரிந்தது. கை மட்டும் வரவில்லை. "விடுங்கண்ணே. ஒரு செம்பு தண்ணிக்குப் போயி..."

"செம்போ, வாய்க்காலோ. எனக்கு வளைஞ்ச சட்டம் நாளைக்கு உனக்கு வளையும். நாளான்னைக்கு எவனுக்கும் வளையும். பாரிஸ்ல போட்ட கையெழுத்து நிக்குதோ நிக்கலையோ, அது அவங்க பாடு. புளியமரத்தடியில போட்டது நிக்கணும். பிடிடா."

சிவபாண்டி ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அது இம்புட்டுக் கனமாக இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை போல. ஒரு கோடி சாய்ந்து காலில் விழப் பார்த்தது. "அவங்க என்னன்னு கேக்குறாங்கய்யா" என்றாள் எஸ்தர். அந்த அம்மாவுக்கு அவள் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். அந்த அம்மா உக்கிரபாண்டி கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஏதோ சொன்னார்.

"என்னங்குறாக?"

"நாடு நாடா கூடுற பெரிய கூட்டம் எல்லாத்துலயும் உங்கள மாதிரி ஒரு ஆள உக்கார வைக்கணுமாம்."

"சோறு போடுவாகளான்னு கேளு" என்றார்.

மறுநாள் காலை அவர் தோளில் ஒன்றும் இல்லை. எங்கேயும் போக வேண்டியதில்லை. எட்டு மணி வரை தூங்கலாம் என்று முத்துமீனா சொல்லியிருந்தாள். நாலரைக்கே முழிப்புத் தட்டிவிட்டது. புரண்டு படுத்தார். அந்தப் பக்கம் புரண்டார். அஞ்சேகாலுக்கு எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"எங்க கெளம்பிட்டீக? சாவிதான் இல்லையே" என்றாள் முத்துமீனா படுத்தபடியே.

"கண்ணு இருக்குல்ல."

மடையில் சிவபாண்டி ஷட்டரைத் திருகிக்கொண்டிருந்தான். உக்கிரபாண்டி எதிர்க்கரையில் நின்று திருப்பம் எத்தனை என்று எண்ணினார். சரியாக இருந்தது. வாய்க்காலோடு நடந்தார். முதல் வயலுக்குத் திறந்த வாமடை, நேரம் ஆனதும் அடைபட்டது. அடுத்தது திறந்தது. வற்றாத வயலை விட்டு, வற்றின வயலுக்கு மட்டும் போயிற்று. ஒவ்வொரு வரப்பிலும் குனிந்து, முந்தின நாளே எல்லாரும் கவிழ்த்துவிட்டிருந்த கொட்டாங்குச்சியைத் தூக்கிக் குழாய்க்குள் பார்த்தார். கடைசியில் சிவபாண்டி வயல் வரைக்கும் வந்துவிட்டார். அவன் சொந்த வயலுக்கு எத்தனை நேரம் விடுகிறான் என்று நின்று பார்த்தார். மற்றவர்களுக்கு விட்ட நேரம்தான். கூட ஒரு நிமிசம் இல்லை.

வெயில் ஏறிவிட்டது. சிவபாண்டி வாமடையை மண்ணால் அடைத்துவிட்டு நிமிர்ந்தான். "என்னண்ணே, ஏதும் தப்பு இருக்கா?" என்று தூரத்திலிருந்தே கேட்டான்.

உக்கிரபாண்டி இன்னொரு தரம் மேலேயும் கீழேயும் பார்த்தார். ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.